உயிருள்ள செல்லுக்குள் ஒளிரும் பாலிமர் துகள்: தயாரிப்பிலிருந்து படம் வரை முழுமையான வழிகாட்டி

ஒளிரும் பாலிமர் நானோ துகளைத் தயாரிக்க ஒரு நாள் போதும். மைக்ரோஸ்கோப்பில் தெரியும் பச்சைப் புள்ளி அந்தத் துகள்தானா, அது செல்லுக்கு உள்ளேதான் இருக்கிறதா, அந்தச் செல் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடத்தான் மாதக்கணக்கில் ஆகும். அதனால் இந்த வழிகாட்டியில் தயாரிப்பைவிடச் சோதனைகளுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வேதியியல் படித்துவிட்டு செல் வளர்ப்பு அறைக்குள் முதன்முறை நுழைபவருக்கும், உயிரியல் படித்துவிட்டு முதன்முறை கரைப்பான் பாட்டிலைத் திறப்பவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் முதல் வகை. கீழே வரும் தவறுகளில் பாதி நானே செய்தவை.

## எந்தத் துகள்?

ஒளிரும் பாலிமர் துகள் என்ற ஒரே பெயருக்குள் பல குடும்பங்கள் இருக்கின்றன. பழைய குடும்பம், பாலிஸ்டைரீன் அல்லது பிஎல்ஜிஏ (உடலில் சிதையும் ஒரு பாலிமர்) துகளுக்குள் சாயத்தை ஏற்றிவைப்பது. செய்வதும் வாங்குவதும் எளிது. ஆனால் ஏற்றிய சாயம் கசியும். நைல் ரெட் போன்ற எண்ணெய்ப் பசையுள்ள சாயம் துகளை விட்டு நழுவி, செல்லின் சவ்விலும் கொழுப்புத் துளிகளிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். செல் முழுக்கப் பிரகாசமாக ஒளிரும், துகள் மட்டும் வெளியே மீடியத்தில் (செல்லை வளர்க்கும் ஊட்டக் கரைசல்) மிதந்துகொண்டிருக்கும். இப்படி ஏமாந்தவர்கள் ஏராளம்.

இன்னொரு குடும்பம் ஏஐஇ துகள்கள். சாதாரணச் சாய மூலக்கூறுகள் நெருக்கியடித்து நின்றால் ஒளி மங்கிவிடும். அதற்கு நேர்மாறாக, நெருங்கினால்தான் ஒளிரும் மூலக்கூறுகளை ஹாங்காங்கில் பென் சோங் டாங் குழு 2001-இல் அடையாளம் காட்டியது. அப்புறம் வெப்பநிலையை உணரும் ஜெல் துகள்கள். ஜப்பானில் செய்யிச்சி உச்சியாமா குழு 2009-இல் செல்லுக்குள் வெப்பநிலை அளக்கும் ஒளிரும் நானோ ஜெல்லை வெளியிட்டது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இங்கே எடுத்துக்கொள்வது பாலிமரே ஒளிரும் வகை. ஆய்வுக்கூடப் பேச்சில் இதை 'பி-டாட்' என்பார்கள். ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் நீண்ட சங்கிலி இது. இந்த வகைப் பாலிமர்களின் மின்கடத்தும் தன்மைக்குத்தான் ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒளியுமிழும் டயோடுகளுக்காகப் பல்லாண்டு செம்மைப்படுத்திய பொருளைத் தண்ணீரில் சின்ன உருண்டையாக்கினால் செல்லுக்குள் அனுப்பலாம் என்ற யோசனையை அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜேசன் மெக்நீல் குழு வளர்த்தது. 2008-இல் பல நிறத் துகள்களைக் காட்டினார்கள். அந்தக் குழுவிலிருந்த சாங்ஃபெங் வூ பிறகு சியாட்டிலில் டேனியல் சியூவின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். துகளின் மேல் ஆன்டிபாடி போன்ற புரதங்களை ஒட்டிக் குறிப்பிட்ட செல்லைத் தேடிப் பிடிக்கவைக்கும் முறை அங்கிருந்து 2010-இல் வந்தது. கீழே தரும் அளவுகள் அந்த முறையை ஒட்டியவை.

  

பி-டாட்டை ஏன் தேர்ந்தெடுக்கிறேன்? துகள் முழுவதுமே ஒளி உறிஞ்சும் பொருள், தனியாகச் சாயம் இல்லை, எனவே கசிய ஒன்றுமில்லை. குவாண்டம் டாட் என்ற ஒளிரும் குறைக்கடத்தித் துகளில் உள்ள காட்மியம் இதில் இல்லை, அதைப் போல அணைந்து அணைந்து மின்னுவதும் பெரிதாகத் தெரியாது. குறையும் உண்டு. பாலிமரைத் தயாரிக்கும்போது பல்லேடியம் வினையூக்கி பயன்படுகிறது. சரியாகச் சுத்தம் செய்யாத பாலிமரில் அதன் மிச்சம் இருக்கும். 'உலோகம் அற்ற துகள்' என்று கட்டுரையில் எழுதுவதற்கு முன் அதை அளந்து பாருங்கள்.

## தொடங்கும் முன்

பாலிமர்: பிஎஃப்பிடி. கடைப் பட்டியலில் எஃப்8பிடி என்றும் இருக்கும். ஃப்ளோரீனும் பென்சோதயடயசோலும் மாறி மாறி வரும் சங்கிலி. துகளான பிறகு 460 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சி 540-ஐ ஒட்டிப் பச்சை மஞ்சளாக உமிழும். முதல் முயற்சிக்கு இதைவிடப் பழகிய பாலிமர் கிடைக்காது.

துணைப் பாலிமர்: பாலிஸ்டைரீன் முதுகெலும்பில் பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) கிளைகளும், கிளை நுனியில் கார்பாக்சில் குழுவும் கொண்ட பிஎஸ்-பெக்-சிஓஓஹெச். பாலிஸ்டைரீன் பகுதி துகளுக்குள் வேரூன்றும், பெக் பகுதி தண்ணீரை நோக்கி நீளும். ஆன்டிபாடியைக் கட்டிவைக்கும் முளை அந்தக் கார்பாக்சில்.

கரைப்பான்: தண்ணீர் நீக்கிய, தடுப்பான் சேர்க்காத டிஹெச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான், THF). தடுப்பானாகச் சேர்க்கும் பிஹெச்டி (BHT) ஆவியாகாமல் பின்தங்கி, கடைசியில் துகளோடு சேர்ந்துவிடும். ஆனால் தடுப்பான் இல்லாத டிஹெச்எஃப் காற்றுப் பட்டால் பெராக்சைடு ஆகும். அது பாலிமரையும் கெடுக்கும், வெடிக்கவும் செய்யும். சின்ன பாட்டிலாக வாங்கி, திறந்த தேதியை எழுதி, பெராக்சைடு பட்டையால் அவ்வப்போது சோதியுங்கள். டிஹெச்எஃப் இருக்கும் இடத்தில் தீயும் தீப்பொறியும் கூடாது, வேலை முழுக்க ஃப்யூம் ஹுட் என்ற புகை உறிஞ்சும் கூண்டுக்குள்தான்.

பாத்திரங்கள் கண்ணாடியாகவே இருக்கட்டும். டிஹெச்எஃப் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் க்யுவெட்டில் (அளவீட்டுக்கான சின்னக் குப்பி) நான் டிஹெச்எஃப் கரைசலை ஊற்றி ஸ்பெக்ட்ரம் எடுத்திருக்கிறேன். சுவர் மங்கி, க்யுவெட் பிசுபிசுத்து, கருவியைத் துடைத்து முடிக்க ஒரு மாலை போனது. பாலிப்ரொப்பிலீன் பிப்பெட் முனைகள் சில நொடிகளுக்குத் தாங்கும், அதில் பிரச்சினை இல்லை.

## படி 1: துகளை உருவாக்குதல்

டெட்டாலைத் தண்ணீரில் விட்டால் பால் போல வெளுக்கும், பார்த்திருப்பீர்கள். டெட்டாலில் ஒழுங்காகக் கரைந்திருந்த எண்ணெய்ப் பொருள்கள் தண்ணீர் சேர்ந்ததும் போக்கிடம் இல்லாமல் நுண்துளிகளாகத் திரள்வதுதான் அந்த வெண்மை. நாம் செய்யப்போவதும் அதேதான். வித்தியாசம் ஒன்றுண்டு. நம் கரைசல் வெளுக்கக் கூடாது. வெளுத்தால் துகள் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம்.

பிஎஃப்பிடி-யை 1 மில்லி டிஹெச்எஃப்புக்கு 1 மில்லிகிராம் வீதம் போட்டு, நைட்ரஜன் மூடாக்கின் கீழ் ராத்திரி முழுக்கக் கலக்குங்கள். காலையில் 0.7 மைக்ரான் கண்ணாடி நார் ஃபில்டரில் வடியுங்கள். கரையாத கட்டிகள் இங்கேயே நின்றால் பின்னால் நிம்மதி. துணைப் பாலிமரையும் இதே செறிவில் தனியாகக் கரைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கலவை: பிஎஃப்பிடி கரைசல் 250 மைக்ரோலிட்டர், துணைப் பாலிமர் கரைசல் 50 மைக்ரோலிட்டர், வெறும் டிஹெச்எஃப் 4.7 மில்லி. மொத்தம் 5 மில்லி. இதில் மில்லிக்கு 50 மைக்ரோகிராம் ஒளிரும் பாலிமரும் 10 மைக்ரோகிராம் துணைப் பாலிமரும் இருக்கும்.

குளியல் வகை சோனிகேட்டரில் (மீயொலியால் கலக்கும் கருவி) 10 மில்லி தூய நீர் உள்ள கண்ணாடிக் குப்பியை வைத்து ஓடவிட்டு, இந்த 5 மில்லியையும் ஒரே மூச்சில் உள்ளே செலுத்துங்கள். சொட்டுச் சொட்டாக விடக் கூடாது. சங்கிலிகள் ஒன்றையொன்று தேடிச் சேர்வதற்கு முன்பே கரைப்பானும் நீரும் கலந்து முடிந்துவிட வேண்டும், அப்போதுதான் சின்னச் சின்னத் துகளாக நிற்கும். மெதுவாக விட்டால் முதலில் உருவானவற்றின் மேலேயே அடுத்தவை படிந்து பெருக்கும். அளவை மாற்ற நினைத்தால் தொட வேண்டியது செறிவைத்தான். டிஹெச்எஃப்பில் பாலிமர் அதிகமானால் துகள் பெரிதாகும், குறைந்தால் சிறிதாகும்.

அடுத்து டிஹெச்எஃப்பை வெளியேற்ற வேண்டும். 90 டிகிரி சூட்டுத் தட்டில் வைத்து, மேற்பரப்பில் நைட்ரஜனை ஊதிக்கொண்டே இருங்கள். டிஹெச்எஃப் 66 டிகிரியிலேயே கொதிப்பதால் முதலில் அது போகும், பிறகு நீர் குறையும். 15 மில்லி 5 மில்லியாக வற்றும்வரை விடுங்கள். அப்போது பாலிமர் செறிவு மறுபடியும் மில்லிக்கு 50 மைக்ரோகிராம். அவசரப்பட்டு 10 மில்லியிலேயே நிறுத்தினால் மிச்சமிருக்கும் டிஹெச்எஃப் நாளைக்குச் செல்லைக் கொல்லும், பழி துகள் மேல் விழும்.

கடைசியாக 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடியுங்கள். வடிப்பதற்கு முன்னும் பின்னும் 460 நானோமீட்டரில் உறிஞ்சலை அளக்கத் தவறாதீர்கள். இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் தொகுப்பு நன்று. பாதி குறைந்திருந்தால் பாதிப் பாலிமர் கட்டியாகி ஃபில்டரில் நிற்கிறது, ஃபில்டர் மஞ்சளாக இருப்பதும் கண்ணுக்கே தெரியும். அந்தத் தொகுப்பைத் தூக்கிப்போடுங்கள். மிச்சத்தைக் காப்பாற்ற நினைப்பது வீண் வேலை.

வடித்ததை 4 டிகிரியில், இருட்டில் வையுங்கள். உறையவைத்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு சோனிகேட் செய்தாலும் பிரியாது.

## படி 2: என்ன செய்திருக்கிறோம் என்று பார்ப்பது

ஒளிச்சிதறலை வைத்துத் துகள் அளவைச் சொல்லும் டிஎல்எஸ் கருவியில் 20 நானோமீட்டரை ஒட்டி ஒரே பீக் வந்தால் சந்தோஷப்படலாம். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் 15-ஐ ஒட்டி இருக்கும், ஏனென்றால் டிஎல்எஸ் பெக் கிளைகளையும் அவற்றோடு நகரும் நீரையும் சேர்த்தே அளக்கிறது. டிஎல்எஸ்ஸின் குணம் ஒன்றைத் தெரிந்துவைத்திருங்கள். ஒளிச்சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 150 நானோமீட்டர் துகள் ஒன்று, 15 நானோமீட்டர் துகள்கள் 10 லட்சம் சேர்ந்து சிதறடிக்கும் அளவுக்குச் சிதறடிக்கும். எனவே பெரிய அளவில் ஒரு பீக் தெரிகிறது என்று பதற வேண்டாம், தூசியாக இருக்கலாம். மூன்று முறை அளந்து மூன்றிலும் வந்தால் அப்போது பதறலாம்.

மேற்பரப்பு மின்னழுத்தம் (ஸீட்டா பொட்டென்ஷியல்) மைனஸ் 30 மில்லிவோல்ட்டை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருந்தால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்கும்.

இப்போது பலர் தாண்டிப்போகும் கணக்கு. 15 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டையின் கனஅளவைப் போட்டு, அடர்த்தியைத் தண்ணீரைப் போல 1 என்று வைத்தால், ஒரு துகளின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 10 லட்சம் டால்டன். மில்லிக்கு 50 மைக்ரோகிராம் என்பது அப்போது மில்லிக்குச் சுமார் 28 லட்சம் கோடி துகள், அதாவது 47 நானோமோலார். இந்த எண் கையில் இல்லாமல் ஆன்டிபாடி எவ்வளவு சேர்ப்பது என்று முடிவு செய்யவே முடியாது.

கூடவே இன்னொன்றும் தெரியும். 96 குழித் தட்டின் ஒரு குழியில் 10,000 செல்கள் இருக்க, மில்லிக்கு 20 மைக்ரோகிராம் செறிவில் 100 மைக்ரோலிட்டர் விட்டால், ஒரு செல்லுக்குச் சுமார் 11 கோடி துகள்கள் போகின்றன. இதை முதல்முறை கணக்குப் போட்டபோது திகைத்துப்போனேன். குறைவான செறிவில் தொடங்குங்கள் என்று நான் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இந்த எண்தான்.

அப்புறம் உப்புச் சோதனை. தூய நீரில் அழகாக நிற்கும் துகள் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் பத்து நிமிடத்தில் திரளக்கூடும். உப்பு மின்னூட்டத்தை மறைத்துவிடுவதால் துகள்கள் நெருங்கிவிடும். எனவே பிபிஎஸ், வெறும் மீடியம், 10 சதவீத சீரம் சேர்த்த மீடியம் மூன்றிலும் 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி டிஎல்எஸ் பாருங்கள். சீரத்தின் புரதங்களே 10 நானோமீட்டர் பக்கம் பீக் காட்டும் என்பதால் துகள் சேர்க்காத சீரத்தையும் பக்கத்தில் அளக்க வேண்டும். சீரத்தில் துகள் கொஞ்சம் பெருத்தால் அது புரதப் போர்வை. செல் பார்க்கப்போவது நீங்கள் செய்த துகளை அல்ல, இந்தப் போர்வை போர்த்திய துகளைத்தான்.

## படி 3: ஆன்டிபாடியை ஒட்டுதல்

துகள் செல்லுக்குள் போனால் போதும், எந்தச் செல் என்பது முக்கியமில்லை என்றால் இந்தப் படியைத் தாண்டிப்போகலாம். குறிப்பிட்ட செல்லின் மேற்பரப்பைக் குறிவைக்க வேண்டும் என்றால் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தை ஒட்டிவைத்துக்கொள்வது வசதி. பயோட்டின் என்ற சின்ன மூலக்கூறைச் சேர்த்த எந்த ஆன்டிபாடியோடும் அது சேரும்.

4 மில்லி துகள் கரைசல் எடுங்கள். 5 சதவீத பெக் கரைசல் 80 மைக்ரோலிட்டர் (மூலக்கூறு எடை 3350), 1 மோலார் ஹெப்பஸ் பஃபர் 80 மைக்ரோலிட்டர் சேருங்கள். பிஹெச் 7.3 இருக்க வேண்டும். மில்லிக்கு 1 மில்லிகிராம் செறிவுள்ள ஸ்ட்ரெப்டாவிடின் 240 மைக்ரோலிட்டர். நன்றாகக் கலந்த பின், அந்த நிமிடம் கரைத்த இடிசி (கார்பாக்சிலைப் புரதத்தின் அமினோடு பிணைக்கும் பொருள், மில்லிக்கு 5 மில்லிகிராம்) 80 மைக்ரோலிட்டர். அறை வெப்பநிலையில் 4 மணி நேரம் கலக்கவிடுங்கள். இந்த விகிதத்தில் ஒரு துகளுக்கு இருபது சொச்சம் ஸ்ட்ரெப்டாவிடின் சேர்க்கிறோம். அத்தனையும் ஒட்டாது, ஒட்டவும் தேவையில்லை.

இடிசி வினைக்குப் பாடநூல் சொல்வது அமில பிஹெச், எம்இஎஸ் பஃபர், 5-ஐ ஒட்டி. அப்படியிருக்க இங்கே ஏன் 7.3? அமிலத்தில் கார்பாக்சில் தன் மின்னூட்டத்தை இழக்கும், துகளை நீரில் நிறுத்திவைப்பதே அந்த மின்னூட்டம்தான். பாடநூலைப் பின்பற்றி 5-இல் செய்தேன், ஒரு மணி நேரத்தில் குப்பியின் அடியில் மஞ்சள் சேறு. வினைத்திறன் கொஞ்சம் குறைந்தாலும் 7.3-தான் சரி. டிரிஸ், கிளைசின் போன்ற அமின் உள்ள பஃபர் பக்கமே போகாதீர்கள். கார்பாக்சில் எல்லாம் அதோடு கைகோத்துவிடும், புரதத்துக்கு மிச்சமிருக்காது. இடிசி ஈரம் பட்டால் கெடும். பாட்டில் ஃப்ரீசரிலிருந்து வந்தால் அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

ஒட்டாத புரதத்தைப் பிரிக்க, செஃபாக்ரில் எச்ஆர்-300 என்ற ஜெல் மணிகள் நிரப்பிய குழாய் (பத்தி) போதும். துகள் முன்னால் மஞ்சளாக இறங்கும், தனிப் புரதம் பின்னால் வரும். துகளை ஊற்றும் முன் பத்தியை 1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டுச் சீரத்தின் ஆல்புமின் புரதம்) உள்ள பஃபரால் நனைத்துவிட்டால் துகள் பத்தியில் ஒட்டி வீணாகாது.

இடிசி சேர்க்காமல் மற்ற எல்லாம் சேர்த்த ஒரு தொகுப்பையும் கூடவே ஓட்டுங்கள். அதுவும் செல்லில் ஒட்டினால் உங்கள் புரதம் வேதிப்பிணைப்பில் இல்லை, சும்மா மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

## படி 4: செல்லைத் தயார் செய்தல்

தொடங்க ஏற்ற செல்கள் இரண்டு: ஹீலா, எம்சிஎஃப்-7. ஹீலா, பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1951-இல் ஹென்ரியேட்டா லாக்ஸிடமிருந்து அவர் அனுமதி கேட்காமல் எடுத்த கட்டியிலிருந்து வந்தது. எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுச் செல். இதன் மேற்பரப்பில் எப்கேம் என்ற புரதம் நிறைய இருப்பதால் ஆன்டிபாடிப் பரிசோதனைக்கு வசதி. இந்தியாவில் இருப்பவர்கள் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் களஞ்சியத்திலிருந்து வாங்கலாம். வாங்கி வந்ததும் மைக்கோபிளாஸ்மா சோதனை செய்யுங்கள். அந்தத் தொற்று இருக்கும் செல் துகளை விழுங்கும் விதமே வேறாக இருக்கலாம்.

படம் எடுப்பதற்கு முந்தைய நாள், 0.17 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி அடி கொண்ட தட்டில் செல்லைப் போடுங்கள். மைக்ரோஸ்கோப் லென்ஸ் அந்தத் தடிமனுக்கென்றே வடிவமைத்தது. பிளாஸ்டிக் தட்டில் நல்ல படம் வராது, தட்டே ஒளிரவும் செய்யும். மறுநாள் செல்கள் தட்டின் பாதிப் பரப்பை நிரப்பியிருந்தால் போதும்.

விழுங்கவைக்கும் சோதனைக்கு மில்லிக்கு 2 முதல் 10 மைக்ரோகிராம் துகள், 37 டிகிரியில் சில மணி நேரம், பிறகு மூன்று முறை கழுவுங்கள். மேற்பரப்பைக் குறிக்கும் சோதனைக்கு முதலில் பயோட்டின் ஆன்டிபாடி, கழுவல், பிறகு ஸ்ட்ரெப்டாவிடின் துகள் சில நானோமோலார், அரை மணி நேரம். பஃபரில் 1 சதவீத பிஎஸ்ஏ கட்டாயம். இதை ஐஸ் மேல் வைத்துச் செய்யுங்கள். குளிரில் செல் விழுங்குவதை நிறுத்திவிடும், துகள் மேற்பரப்பிலேயே நிற்கும்.

## படி 5: படம் எடுத்தல்

மீடியத்தில் ஃபீனால் ரெட் இருக்கக் கூடாது, அது பின்னணியைக் கூட்டும். மேடையில் 37 டிகிரியும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடும் வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் மீடியத்தில் 20 மில்லிமோலார் ஹெப்பஸ் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். மேடையும் லென்ஸும் சூடாகி நிலைக்கும் முன் எடுத்தால் ஃபோகஸ் நழுவிக்கொண்டே இருக்கும்.

458 நானோமீட்டர் லேசர் இருந்தால் நல்லது. 488 மட்டும்தான் இருக்கிறது என்றாலும் உறிஞ்சலின் சரிவில் விழும், வேலை நடக்கும். 520 முதல் 600 வரை சேகரியுங்கள். லேசர் சக்தியை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். பி-டாட் பிரகாசமானது என்பதன் பயனே இதுதான். சக்தியைக் கூட்டினால் துகள் ஒளியைப் பிடித்து ஆக்சிஜனிடம் தள்ளி, செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்கும். இதே தன்மையைப் புற்றுச் சிகிச்சைக்குப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். நமக்கு அது தொல்லை. செல்லின் ஓரத்தில் கொப்புளம் கிளம்பினால் நீங்கள் படம் எடுக்கவில்லை, வறுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கூடச் சாயம் சேர்ப்பதானால் நிறத்தைக் கவனியுங்கள். பிஎஃப்பிடி-யின் உமிழ்வு வால் சிவப்புவரை நீளும். அதனால் லைசோசோமை (விழுங்கியதைச் செல் செரிக்கும் பை) காட்ட லைசோடிராக்கர் டீப் ரெட், இறந்த செல்லைக் காட்ட டிராக்7 என்று தொலைசிவப்புச் சாயங்களையே எடுங்கள். உட்கருவுக்கு ஹெக்ஸ்ட் போடும் பழக்கம் இருந்தால், அதற்கான 405 லேசர் துகளையும் தூண்டும், செல்லையும் நோகடிக்கும். கடைசிப் படமாக மட்டும் எடுங்கள்.

ஒளியியலும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 1.4 எண் துளை (numerical aperture) உள்ள லென்ஸில் 540 நானோமீட்டர் ஒளியைப் பார்த்தால் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ 190 நானோமீட்டர். 15 நானோமீட்டர் துகள் ஒன்று தனியாக இருந்தாலும், பத்து சேர்ந்து கட்டியாக இருந்தாலும் அதே அகலப் புள்ளியாகத்தான் தெரியும். புள்ளியின் அளவை வைத்துத் துகள் அளவைச் சொல்ல முடியாது. பிரகாசத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். இதற்காகவே கண்ணாடியில் தனித் துகள்களை மிகக் குறைந்த செறிவில் உலர்த்தி, ஒற்றைத் துகளின் பிரகாசம் எவ்வளவு என்று முதலில் அளந்துவைத்துக்கொள்வேன்.

## படி 6: மூன்று கேள்விகள்

ஒளிர்வது துகள்தானா? செல்லின் ஃபிளேவின்கள் தாமாகவே 450-ஐ ஒட்டி உறிஞ்சி 530-ஐ ஒட்டி உமிழும். நம் பாலிமரும் அதே ஜன்னலில்தான் இருக்கிறது. துகள் சேர்க்காத செல்லை, அதே தட்டு வகையில், அதே லேசர் சக்தியில், அதே டிடெக்டர் அமைப்பில் அதே நாள் படம் எடுங்கள். காட்டும்போதும் இரண்டு படத்துக்கும் ஒரே பிரகாச அளவீடு வையுங்கள். ஒன்றைத் தானியங்கியாகச் சரிசெய்யவிட்டு மற்றதை விட்டுவிடும் படங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சாயம் ஏற்றிய துகள் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கசிவுச் சோதனை செய்ய வேண்டும். துகளை 24 மணி நேரம் சீர மீடியத்தில் வைத்து, நுண்வடிகட்டியில் சுழற்றி, கீழே இறங்கிய நீரை மட்டும் செல்லில் போட்டுப் பாருங்கள். செல் ஒளிர்ந்தால் பழைய படங்களையெல்லாம் மறந்துவிடலாம்.

உள்ளேதான் இருக்கிறதா? ஒரே தளத்தில் எடுத்த படத்தில் செல்லின் மேல் ஒட்டியதும், உள்ளே இருப்பதும், அடியில் கண்ணாடியில் ஒட்டியதும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு நேரத்தில் ஒரு தளத்தை மட்டும் காட்டும் கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் அடியிலிருந்து உச்சிவரை அடுக்காக எடுத்துப் பக்கவாட்டு வெட்டில் பாருங்கள். அரை மைக்ரானுக்குக் கொஞ்சம் மேலேதான் ஆழப் பிரிதிறன் என்பதால் சவ்வை ஒட்டிய புள்ளிகளைப் பற்றி அடித்துச் சொல்ல வேண்டாம். இன்னொரு தட்டை 4 டிகிரியில் வைத்து அதே நேரம் துகளோடு ஊறவையுங்கள். 37-இல் புள்ளிகள் நிறைந்தும் 4-இல் ஓரத்தில் மட்டும் மெல்லிய வளையமாகவும் இருந்தால், செல் ஆற்றல் செலவழித்து விழுங்கியிருக்கிறது என்று நம்பலாம்.

விழுங்கிய துகள் பெரும்பாலும் லைசோசோமில்தான் போய்ச் சேரும். டீப் ரெட்டோடு ஒத்துவிழுவதைக் கண்டு ஏமாற்றம் அடையாதீர்கள், அது செல்லின் வழக்கமான பாதை. சைட்டோபிளாசம் முழுக்கப் பனிமூட்டம் போலச் சீராக ஒளிர்கிறது என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். கசிந்த சாயம், செத்த செல், கூடுதல் லேசர், இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உயிரோடு இருக்கிறதா? எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல் ஊதாவாக மாற்றுவதை அளக்கும் சோதனை வழக்கம். நிறத்தை 570 நானோமீட்டரில் படிக்கிறோம். துகள் தானே ஒளியைச் சிதறடித்து எண்ணைக் கூட்டும், கூடினால் செல் நலமாக இருப்பது போலப் பொய்யாகத் தெரியும். எனவே செல் இல்லாமல் துகளும் எம்டிடி-யும் மட்டும் உள்ள குழிகளை வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இருட்டில் மட்டும் சோதித்துவிட்டு 'நச்சு இல்லை' என்று எழுதுவது போதாது. படம் எடுக்கும்போது செல் இருட்டில் இல்லையே. அதே லேசர் அளவைக் கொடுத்த செல்களை மறுநாள் எண்ணிப் பாருங்கள். மேக்ரோஃபேஜ் போன்ற நோய் எதிர்ப்புச் செல்களோடு வேலை என்றால் எண்டோடாக்சின் சோதனையும் வேண்டும். 0.2 மைக்ரான் ஃபில்டர் பாக்டீரியாவைத்தான் தடுக்கும், அதன் நச்சைத் தடுக்காது.

## சொதப்பினால்

ஊற்றியதும் பால் போல வெளுத்தது: செறிவு அதிகம், அல்லது மெதுவாக ஊற்றினீர்கள், அல்லது டிஹெச்எஃப் பழையது.

நேற்றுவரை நன்றாக இருந்த துகள் இன்று மீடியத்தில் திரள்கிறது: துணைப் பாலிமரின் தொகுப்பு மாறியதா என்று பாருங்கள். கார்பாக்சில் அளவு தொகுப்புக்குத் தொகுப்பு வேறுபடும்.

ஆன்டிபாடி இல்லாத துகளும் செல்லில் ஒட்டுகிறது: முதலில் செறிவைப் பத்தில் ஒன்றாகக் குறையுங்கள். குறையாவிட்டால் பிஎஸ்ஏ-வை ஏற்றுங்கள். அப்போதும் ஒட்டினால் துணைப் பாலிமரின் விகிதத்தை மாற்றிப் புதிதாகச் செய்வதுதான் வழி. பெக் போர்வை மெலிந்த இடத்தில் எண்ணெய்ப் பசையுள்ள முதுகு வெளியே தெரிந்து, கண்டதிலும் ஒட்டுகிறது.

ஒரே தட்டில் சில செல்கள் மட்டும் கண்ணைப் பறிக்கின்றன, மற்றவை மங்கல்: மகிழ்ச்சியில் அந்தச் சிலவற்றைப் படமெடுத்து வைக்கும் முன் டிராக்7 சேனலை ஒருமுறை திறந்து பாருங்கள். செத்த செல் எதையும் உள்ளே விடும். என் முதல் 'வெற்றிப் படத்தில்' இருந்த ஏழு செல்களில் ஆறு செத்தவை.